இடது தோள் 0.9

0.1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பத்தி. "ஒரே ஒரு பத்தி போதும் சார், நாலு வரி" என்று ஆந்தை எழுதியிருந்தார். என் மனைவி உருவாக்கிய மென்பொருளின் இணையப் பக்கத்தில், 'இதைத் தொடங்கியவர்' என்ற தலைப்புக்குக் கீழே போடுவதற்காக. அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆந்தை யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பிறர் எழுதியதில் இருக்கும் பிழைகளை அடையாளம் தெரியாமல் நீக்குகிறவன். வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் நான் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. முதல் வாக்கியத்திலேயே திண்டாட்டம்.

என் மனைவி கட்டற்ற மென்பொருள் எழுதினாள், அதாவது

(அதாவது என்று வந்தவுடன் அகராதி வாசனை அடிக்கிறது.)

கணினித் திரையின் வெளிச்சம் முகத்தில் விழ, அவள் விரல்கள்

(பொய். மேசை ஜன்னலுக்கு எதிரே இருந்தது. பகலெல்லாம் கண் கூசி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தாள். மேசையைத் திருப்பிப் போடலாம் என்று நானும், நாளைக்குப் போடலாம் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.)

போன மழைக்காலத்தில் என் மனைவி

(இது உண்மை. ஆனால் இங்கிருந்து தொடங்க மாட்டேன்.)

வழக்கமான நாளாக இருந்தால் இந்த மூன்றையும் அடித்துவிட்டுச் சுத்தமான தாளை உங்களிடம் நீட்டியிருப்பேன். அவளுடைய வேலையில் அப்படி இல்லை. அங்கே எதையும் அழிப்பதில்லை. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்ற குறிப்போடு பழையதும் அப்படியே பத்திரமாக இருக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். தப்பாக எழுதியதை ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "சரியானது எப்படி வந்துச்சுன்னு தெரிய வேணாமா?" என்றாள். எனவே மூன்றும் இருக்கட்டும்.

பத்தியோடு ஆந்தை இன்னொன்றும் கேட்டிருந்தார். "அப்படியே 41ஆம் பிழையை மூடலாமா வேணாமான்னும் சொல்லிடுங்க. நீங்க சொல்லாம நாங்க தொட மாட்டோம்."

41ஆம் பிழை நான்தான்.

0.2

மென்பொருளின் பெயர் வெட்டுக்கிளி. உங்கள் உடம்பின் அளவுகளைக் கொடுத்தால், சட்டைக்குத் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுத் தரும். அதைச் சாதாரணத் தாள்களில் அச்சிட்டு, ஓரத்து நட்சத்திரக் குறிகளைப் பொருத்தி ஒட்டி, துணியின் மேல் விரித்து வெட்டிக்கொள்ளலாம். கட்டற்றது என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

தையல் அவளுக்கு வீட்டிலேயே இருந்தது. அவளுடைய அம்மா, என் அத்தை, தையற்காரர். எங்களோடுதான் இருக்கிறார். முன்னறை முழுக்க அவருடைய இயந்திரமும் துணிகளும். மகள் செய்கிற வேலை மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"யாருடி உனக்கு முதலாளி?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப யாருக்குப் பயந்து சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடுற?"

"எல்லாருக்கும்தான்."

வெட்டுக்கிளியைச் சோதித்துப் பார்க்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. கைக்கு எட்டியது என் உடம்பு.

"ஏங்க, அந்தப் புரூஃபைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு எழுந்து நில்லுங்க."

நின்றேன். கழுத்து, மார்பு, கை எல்லாம் முடிந்து, தோள் முனையிலிருந்து தரைவரை டேப்பைப் பிடித்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன்."

"இடது பக்கம் சாயிறீங்க."

"சாயல."

"சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க பார்ப்போம்."

ஒட்டி நின்றேன். மறுபடி அளந்தாள். டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். வாயில் குண்டூசியோடு வந்த அத்தை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இடதுதானே? அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இறங்கியிருக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கல்யாணச் சட்டை தைக்கும்போதே பார்த்தேன். சொன்னா நீ கல்யாணத்தை நிறுத்திடுவியோன்னு சொல்லல."

அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்திலிருந்து என் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார். கண்ணாடியில் நான் நேராகத் தெரிந்தது அவருடைய கைவேலை. என் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நேரான புருஷனைக் காட்டி என்னை ஏமாத்தியிருக்க."

இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் உடம்பின் ஒரு பாதியை மட்டும் கேட்டு, மறுபாதியை அதன் பிரதியாகப் போட்டுவிடும் என்று பிறகு சொன்னாள். அவளும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். அன்றே அதைக் கலைத்தாள். வெட்டுக்கிளி இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. திறந்தவுடன் பெட்டிகள் காலியாக இருந்தால் புதிதாக வருகிறவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று, தற்காலிகமாக என் அளவுகளைப் போட்டு வைத்தாள். அவளுடைய தொழிலில் தற்காலிகமாகப் போட்டதை யாரும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

0.2.1 (அவசரத் திருத்தம்)

அத்தை மேலே உள்ளதைப் படித்தார்.

"பஞ்சா? பஞ்சு வைக்க நான் என்ன தலகாணியா தைக்கிறேன்? கேன்வாஸ் துணி. ரெண்டு மடிப்பு."

"மாத்திடறேன் அத்தை."

"மாத்தாதீங்க. அவ மாத்த மாட்டா, கீழதானே எழுதுவா. கீழயே எழுதுங்க. அப்புறம், வாயில குண்டூசியை வெச்சிக்கிட்டு நான் எப்படிப் பேசினேன்?"

"கதையில பேசலாம் அத்தை."

"எந்தக் கதையிலயும் தையக்காரி ஊசியை முழுங்கக் கூடாது."

எனவே: அத்தை குண்டூசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்ட பிறகே பேசினார். உள்ளே இருந்தது கேன்வாஸ்.

0.3

அவளுடைய நாள் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆந்தையின் பக்கத்தில் வரும் பெண் ஒரு புகைப்படம்போல அசையாமல் நின்றுவிடுவாள்.

சம்பளத்துக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு முன்னும் பின்னும் வெட்டுக்கிளி. காலையில் பல் துலக்கிக்கொண்டே மின்னஞ்சல்களைத் திறப்பாள். எங்கோ ஒருவருக்கு நட்சத்திரம் பொருந்தியிருக்காது. ஒருவர் அச்சுப்பொறியில் தாளே வைக்காமல் அச்சு வரவில்லை என்று முறையிட்டிருப்பார். ஒருவர் தானே திருத்தம் எழுதி அனுப்பியிருப்பார்; அதைப் படித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வாள். சேர்க்க முடியாவிட்டால் அவர் மனம் நோகாமல் ஏன் முடியாது என்று எழுதுவாள். இதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

இன்னொருவர் திட்டியிருப்பார். திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுத ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, முழுப் பதிலையும் வாய்விட்டுச் சொல்வாள்.

"மகராசா, சட்டைக் கை நீளமாப் போச்சுன்னா உன் கையை இழுத்து நீட்டிக்கோ. ஓசியில எடுத்துக்கிட்டு ஒரு நன்றி உண்டா? நாளைக்குள்ள வேணுமாம்ல நாளைக்குள்ள. நான் என்ன உங்க வீட்டுல வாக்கப்பட்டா வந்திருக்கேன்?"

பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்வாள்: 'தெரிவித்தமைக்கு நன்றி. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள்?'

முன்னறையிலிருந்து அத்தையின் குரல் வரும். "முதல்ல சொன்னதுதான்டி நல்லாருந்துச்சு."

புதிய பதிப்பு வெளிவரும்போது என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதுவாள். அதற்கு மெய்ப்பு நான். குறிப்பின் கடைசியில் 'தெரிந்த பிழைகள்' என்று ஒரு பகுதி வரும். அதைப் பார்த்தாலே என் பேனா அடிக்கக் கிளம்பிவிடும்.

"தெரிஞ்சே பிழையோட வெளியிடுறியா?"

"நாங்க தெரிஞ்ச பிழையைச் சொல்லிட்டு வெளியிடறோம், மெய்ப்பு சார். நீங்க தெரியாத பிழையைச் சொல்லாம வெளியிடறீங்க."

அந்தப் பகுதியில் ஒரு சந்திப் பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

கடைசிவரை 1.0 என்று எண் போடவில்லை. 0.9க்கு வந்த பிறகு, அதற்குப் பின்னால் புள்ளி வைத்து எண்களை நீட்டிக்கொண்டே போனாள். கேட்டால், "1.0ன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். முடிஞ்சுதான்னு நான் எப்படிச் சொல்றது? சட்டை போடுறவங்கதானே சொல்லணும்" என்பாள்.

0.4

ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மின்னஞ்சலில் என் தோள் உலகப் பிரச்சினை ஆனது. அவள் அதை எங்களுக்கு வாய்விட்டுப் படித்தாள்.

'எங்கள் கடையில் வேலை செய்பவர்களுக்கு உங்கள் மென்பொருளை வைத்து நானே சீருடை தைத்தேன். உயரம், மார்பு எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். தோள் என்று ஒரு பெட்டி இருப்பதைக் கவனிக்கவில்லை. இப்போது எல்லாருடைய காலரும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஏன் எல்லாரும் ஒரே பக்கமாக எதையோ எட்டிப் பார்க்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.'

பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் குறைகளை எண் போட்டு எழுதி, தீர்ந்ததும் மூடுகிற பிழைப் பட்டியலில் இது ஏறியது. அதன் எண் 41. தலைப்பு: 'இடது தோள் இறங்கியிருக்கிறது.' சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அதன் கீழே எழுதினாள்: 'இது பிழை அல்ல. அது என் வீட்டுக்காரர்.'

மாற்றிவிடச் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் என் தோள் எதற்கு?

"எச்சரிக்கை போட்டுடறேன்" என்றாள். அன்றிலிருந்து வெட்டுக்கிளியைத் திறந்தால் மேலே ஒரு வரி வரும்: 'முதலில் உங்கள் அளவுகளைக் கொடுங்கள். இங்கே இருப்பவர் வேறொருவர்.'*

எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? என் தோளோடு சட்டைகள் பிறந்துகொண்டே இருந்தன. 41 திறந்தே கிடந்தது. பதில்தான் சொல்லியாகிவிட்டதே, மூடிவிடலாமே என்றேன்.

"மூடினா நீங்க சரியாயிட்டீங்கன்னு அர்த்தம். அவ்வளவு சீக்கிரம் விட்டுடுவேனா?"

* 'இங்கே இருப்பவை வேறொருவருடைய அளவுகள்' என்று திருத்திக் கொடுத்தேன். ஏற்கவில்லை. "அளவு இல்லங்க அது. ஆளு."

0.5

ஒரு சந்தேகம். இந்தப் பெண் மிகவும் நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். இப்படி ஒரு பாத்திரம் மெய்ப்புக்கு வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன்.

எனவே சேர்க்கிறேன். ஈரத் துண்டை நாற்காலியில் போடுவாள். நான் பேசுவதைக் கேட்காமலேயே "உம்" கொட்டுவாள். நிறுத்திவிட்டால் கண்டுபிடிக்காமல் இன்னொரு "உம்" போடுவாள். அடுப்படி அலமாரிக் கதவுகளை ஒன்றுவிடாமல் திறந்து போட்டுவிட்டுப் போவாள். என் நெற்றி வீங்காத மாதம் கிடையாது.

"மூடினா என்ன கையா உடைஞ்சு போகும்?"

"திறந்திருந்தா உள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்ல."

இப்போது அந்தக் கதவுகள் எப்போதும் மூடியே இருக்கின்றன. நெற்றி நன்றாக இருக்கிறது.

மருத்துவமனையில் அவள்

(இதையும் பாதியில் விடுகிறேன். நோய் வந்தது, வேகமாக முடிந்தது. அந்த நாட்களிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே கொடுத்த அங்கியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "யாருக்கும் பொருந்தாத மாதிரி தைக்கவும் ஒரு திறமை வேணும்ங்க. இதுக்கு எங்க பிழை பதியறது?" என்று செவிலியரிடம் நிஜமாகவே கேட்டாள். அவரும் நிஜமாகவே யோசித்தார்.)

0.6

இப்போது ஆந்தை. அவருடைய படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆந்தைப் படம் இருக்கும். பல வருடங்கள் அவளோடு சேர்ந்து வெட்டுக்கிளியில் வேலை செய்தவர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை; எல்லாம் எழுத்தில்தான். நான் ஒரு தாடி வைத்த இளைஞனைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். முதலில் எழுதிய பிரதியில் அந்தத் தாடிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

பத்தியைப் பற்றிப் பேச, திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆந்தை சொன்னார். வந்தவர் என் வயதை ஒத்த ஒரு பெண். வெள்ளைக் கோட்டு. பின்னால் சாய்வு நாற்காலியும் பெரிய விளக்கும்.

"நீங்கதானா இடது தோள்?"

"நீங்கதானா ஆந்தை?"

"பல் டாக்டர்ங்க நான். ஊசி போட்டா மரத்துப் போற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கணும். அந்த நேரத்துல வெட்டுக்கிளிக்கு புரோகிராம் எழுதுவேன். இப்பகூட வெளிய ஒருத்தருக்கு மரத்துக்கிட்டு இருக்கு. கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்களேன். ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

போய் நின்றேன்.

"தெரியலயே."

"உள்ள கேன்வாஸ் இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"சார், வாரத்துக்கு ஒருத்தராவது அந்தத் தோளோட தைச்சுட்டு வந்து துணி வீணாப் போச்சுன்னு திட்டறாங்க. அவங்க இருந்தப்ப அந்த ஒரு வரியைப் போடுவாங்க, திட்ட வந்தவங்களும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இப்ப பதில் சொல்றது நான். 'அது என் வீட்டுக்காரர்'னு நான் எழுத முடியுமா?"

"முடியாது."

"என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவர் தோள் இறங்கிடும்."

அவர் சொன்ன ஏற்பாடு இது: வெட்டுக்கிளி இரண்டு பக்கத்தையும் கேட்பது என்றைக்கும் மாறாது. திறந்தவுடன் பெட்டிகளில் தெரியும் எண்கள் மட்டும் மாறும்; இரண்டு தோளும் சமமாக இருக்கும். என் அளவுகளை 'மாதிரிகள்' என்ற தனிப் பகுதியில் பத்திரமாக வைப்பார்கள்.

"அந்த மாதிரிகள் பக்கம் யாராவது போவாங்களா?"

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"யாரும் போக மாட்டாங்க சார்." கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து அவங்ககிட்டயே மாத்தச் சொல்லிக் கேட்டோம். 'எனக்குத் தெரியாது, தோளுக்காரரைக் கேளுங்க'ன்னுட்டாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டோம். இப்ப நிஜமாவே கேக்கறோம். மூடற உரிமையை உங்களுக்குக் குடுத்திருக்கேன். ஒரு பொத்தான்தான், அழுத்தினா எண்கள் மாறிடும். அவசரமில்ல."

வெளியே யாரோ மரத்துப்போன வாயால் அவரைக் கூப்பிட்டார்கள்.

0.7

நாலு வரி கேட்டதற்கு இரண்டு வரி வந்தது. அனுப்பிவிட்டேன்.

'இவர் யாருடைய உடம்பையும் பாதி அளந்துவிட்டு மீதியை ஊகித்ததில்லை. மற்றபடி அலமாரிக் கதவுகளை மூட மாட்டார்.'

முதல் வரியை எழுதியபோது ஒரு கடிதம் நினைவில் இருந்தது. மார்பில் அறுவை செய்துகொண்ட ஒரு பெண் அவளுக்கு எழுதியது. மற்ற இடங்களில் ஒரு பக்கத்து அளவை மட்டும் கேட்டார்கள், இங்கேதான் இரண்டையும் கேட்டார்கள், தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதும் முன் அவள் அடுப்படியில் நடக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இடது தோளைத் தட்டிக் கொடுத்தாள். ஏதோ அது சொந்தமாக உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயர்போல.

41க்கு வருவோம். இது பிழைதான். மெய்ப்புத் திருத்துபவனாகச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் ஆசையாக வாங்கிய துணி, என் தோளால் பாழாகக் கூடாது. வேறு யாருடைய பிரதியாக இருந்தாலும் யாரையும் கேட்காமல் திருத்தியிருப்பேன். ஆனால் உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ வெட்டுக்கிளியைத் திறக்கும்போதெல்லாம், அவள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி அளந்த அந்தப் பகல் ஒரு நொடி திறந்து மூடுகிறது. பொத்தானை அழுத்தினால் அது நின்றுவிடும். கையில் இருக்கும் கணக்கு இதுதான், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை.

0.8

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பொத்தானை அழுத்துகிறேன், மாதிரிகள் பகுதிகூட வேண்டாம் என்கிறேன். தோள்கள் சமமாகின்றன. ரொட்டிக் கடைக்காரர் புதிய சீருடை தைக்கிறார். எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் நல்லது. (கதைக்கு மட்டும் நல்லதில்லை. கடைசி வரியில் நான் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். ஜன்னலுக்குப் போகிற முடிவுகளை எத்தனை நூறு புத்தகங்களில் மெய்ப்புப் பார்த்திருப்பேன்.)

இரண்டாவதில் மறுக்கிறேன். 41 திறந்தே கிடக்கிறது. ஆந்தை பெருந்தன்மையாகப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார். வாரம் ஒரு துணி வீணாகிறது. திட்டு வாங்குகிறவர் அவர். நினைவைப் போற்றுகிறவன் நான். இந்த முடிவில் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, புத்திசாலியான வாசகர் எப்போதோ யோசித்துவிட்ட முடிவு. ஆந்தை சொன்னபடியே மாதிரிகள் பகுதிக்குப் போய்விடுவது. எதுவும் அழியாது, யாருக்கும் தொந்தரவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

"அதாவது என்ன? கூடத்துல இருக்கிற படத்தைக் கழட்டிப் பரண்ல வைக்கிற மாதிரியா?"

"அப்படி இல்ல அத்தை."

"வேற எப்படி?"

அப்படித்தான். அந்தக் கேள்வியோடு மூன்றாவது முடிவும் பாதியில் நின்றது.

0.9

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது அத்தை வந்து கதவோரம் நின்றார்.

"மாப்பிள்ளை, அந்த வெட்டுக்கிளியை எப்படி ஓட்டுறது?"

மகள் இருந்தவரை அதைத் தொட்டதில்லை அவர். காகிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு சட்டை தைத்துவிடுவேன் என்பார்.

"யாருக்கு அத்தை?"

"உங்களுக்குத்தான். நல்ல துணி ஒண்ணு கிடக்கு. உள்ள இருக்கிற அளவை மாத்தாதீங்க, அப்படியே எடுங்க."

அச்சிட்டேன். முன்னறைத் தரையில் தாள்களைப் பரப்பி இருவரும் மண்டியிட்டு ஒட்டினோம். ஒட்டும் நாடா அவர் முடியிலும் என் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டது. "இப்படி முட்டி தேய நாலு கால்ல போறதுக்குப் பேர் கம்ப்யூட்டரா?" என்று முணுமுணுத்தாலும், ஒவ்வொரு நட்சத்திரத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முனைக்கு முனை பொருத்தினார். இடது தோள் வரும் தாளில் மட்டும் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"கோடு சுத்தமா போட்டிருக்கா" என்றார். அவள் வேலையைப் பற்றி அத்தை சொல்லி நான் கேட்ட ஒரே பாராட்டு.

தாளை வெட்டி, பனியனோடு நின்ற என்மேல் வைத்துக் குத்தினார். குண்டூசிகள் ரவிக்கையில் இருந்தன, வாயில் ஒன்றுமில்லை.

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன் அத்தை."

அவர் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். பக்கத்தில் வந்து தாள் காலரை இழுத்தார். விட்டார். அது மறுபடி இடப்பக்கம் போனது. ரொட்டிக் கடைக்காரர் சொன்னதுபோல நான் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேப்பை எடுத்துத் தோள் முனையிலிருந்து தரைவரை பிடித்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு டேப்பைத் திருப்பிப் பிடித்து இன்னொருமுறை.

"ஏறியிருக்கு மாப்பிள்ளை."

"என்ன ஏறியிருக்கு?"

"தோள்தான். பாதிகூட இல்ல இப்ப. அந்தப் புரூஃப் பையைத் தூக்கிட்டு அலையறதை விட்டுட்டீங்கல்ல."

அவள் நோயில் படுத்ததிலிருந்து நான் வீட்டிலேயே வேலை பார்க்கிறேன். மெய்ப்புகள் கணினிக்கே வந்துவிடுகின்றன. அச்சகத்துக்கும் வீட்டுக்கும் இடது தோளில் மாட்டிச் சுமந்த பை அலமாரிக்குள் இருக்கிறது. அதைத் தூக்கித் தூக்கி இறங்கிய தோள், யாரும் கவனிக்காதபோது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்திருக்கிறது. பழைய சட்டைகளில் கேன்வாஸ் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

அத்தை தாளைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"இது நீங்க இல்ல."

வெட்டுக்கிளியில் இருப்பது நான் என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். என் தோளை எடுப்பதா வைப்பதா என்பதுதான் கேள்வி என்றும் நினைத்தேன். அந்தத் தோள் இப்போது உலகத்தில் யாருக்கும் இல்லை. அவள் டேப் பிடித்த அன்று இருந்தது. அவள் கண்டது அது, அவ்வளவுதான்.

அத்தை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் துணியை விரித்தார். ஒரு பக்கம் மகளின் தாள். இன்னொரு பக்கம், இப்போது எடுத்த அளவுக்குச் சாக்குக்கட்டியால் தானே போட்ட கோடு. இரண்டும் இடது தோளில் மட்டும் விலகிப் போகின்றன. நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

உள்ளறைக் கணினியில் 41 திறந்திருக்கிறது. அதன் கீழே இருக்கும் பெட்டியில் 'இது பிழை அல்ல. அது' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் பொத்தான்.

இங்கேதான் இதை உங்களிடம் கொடுக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றுங்கள். ஆந்தைக்குத் தாடி வைக்க வேண்டுமென்றால் வையுங்கள். ஜன்னல் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், மேசையை மட்டும் அதற்கு எதிரே போடாதீர்கள். மாற்றியதை மறைக்காமல், நான் எழுதியதையும் அழிக்காமல், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு இதே உரிமையோடு கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. 1.0 என்று எண் போடுவது என் வேலை இல்லை. அந்தப் பெட்டியில் 'அது' என்பதற்குப் பிறகு என்ன வர வேண்டும் என்று எழுதி, மூடுவதோ திறந்தே விடுவதோ உங்கள் இஷ்டம்.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அத்தைக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

"மாப்பிள்ளை, கத்தரியைப் பிடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? எந்தக் கோட்டுல வெட்ட?"